தட்டின் இடப்பாதி தெரியாதவருக்குச் சுவரின் இடக்கோடி தெரிவது எப்படி?

கேள்வி: ஆற்றங்கரையான்

என் தந்தையாருக்கு நான்கு மாதங்களுக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. கைகால் ஓரளவு தேறிவிட்டன. ஆனால் சாப்பிடும்போது தட்டின் வலப்பாதியை மட்டும் உண்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறார். தட்டைத் திருப்பி வைத்தால், மீதிச் சோறு அப்போதுதான் பரிமாறப்பட்டது போல் உண்கிறார். இதை 'இடப்பக்கப் புறக்கணிப்பு' என்ற மருத்துவர், பார்வையில் குறையில்லை, கவனம்தான் இடப்பக்கம் செல்வதில்லை என்றும் கூறினார். எனக்கு விளங்காதது வேறு. பத்தடி தள்ளி எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்களை இடக்கோடியிலிருந்தே வரிசையாக அடையாளம் சொல்கிறார். அருகில் தப்புவது தொலைவில் எப்படித் தப்பாமல் இருக்கிறது?

பதில்: நரம்பியல் மாணவி

நமக்கு இடம் என்பது ஒன்றே போலத் தோன்றினாலும், கைக்கெட்டும் இடத்தையும் எட்டாத இடத்தையும் மூளை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. உங்கள் தந்தையாரைப் போலவே, அருகிலுள்ள கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னால் வெகுவாக வலப்புறம் விலகிய ஒருவர், தொலைவிலுள்ள கோட்டில் அவ்வாறு விலகவில்லை என்பதை ஹாலிகன், மார்ஷல் இருவரும் 1991இல் பதிவு செய்தனர்.

இதன் அடிப்படை குரங்குகளின் மூளையில் முன்பே தென்பட்டிருந்தது. இத்தாலியில் ரிசோலாட்டி குழுவினர் 1981இல் விவரித்த சில நியூரான்கள் (நரம்பு செல்கள்), முகத்தையோ கையையோ தொட்டாலும் துடிக்கும், அதாவது மின்சமிக்ஞை விடும். தொடாமல் அந்த உறுப்பின் அருகே ஒரு பொருளைக் கொண்டுவந்தாலும் துடிக்கும். அதே பொருளைத் தள்ளிக் காட்டினால் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். இவ்வகை நியூரான்களில் சில, கை நகர்ந்தால் தாம் கவனிக்கும் வெளியையும் கையோடு நகர்த்திக்கொள்கின்றன. அதாவது, அருகிலுள்ள இடம் கண்ணை மட்டும் மையமாக வைத்து அளக்கப்படுவதில்லை. தொடவும் தடுக்கவும் ஆயத்தமாக, உறுப்புக்கு உறுப்பு தனித்தனியே அளக்கப்படுகிறது. (இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொள்ளாமல் நடக்கிறோமே, அதற்கும் இவற்றில் பங்கிருக்கலாம்: கிராசியானோ குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், விளக்கை அணைத்தபின் பொருளைச் சத்தமின்றி அகற்றிவிட்டாலும், சில நியூரான்கள் அது அங்கேயே இருப்பது போலத் துடித்துக்கொண்டிருந்தன.)

பதில்: பழைய வாசகன்

விளக்கம் சரியே, ஆனால் புறக்கணிப்பு எப்போதும் அருகில்தான் கடுமையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொலைவில் மிகுதியாகவும் அருகில் குறைவாகவும் உள்ள நோயாளிகளும் உண்டு. மேலும், 'அருகு' என்பதற்கு நிலையான எல்லை இல்லை. 1996இல் ஜப்பானில் இரிகி குழுவினர், வாரி போன்ற கருவியால் உணவை இழுத்துக்கொள்ளக் குரங்குகளைப் பழக்கினர். பயன்படுத்தும்போது, கைக்கு அருகில் மட்டும் துடித்த நியூரான்கள் கருவியின் நீளத்துக்கும் துடிக்கத் தொடங்கின. கருவியைச் சும்மா பிடித்திருந்தால் அவ்வாறு நிகழவில்லை. 2000இல் பெர்ட்டி, ஃப்ரசினெட்டி இருவரும் ஆராய்ந்த நோயாளி, ஒரு மீட்டர் தொலைவிலுள்ள கோட்டின் நடுவை லேசர் சுட்டியால் சரியாகக் காட்டினார். நீண்ட குச்சியால் தொட்டுக் காட்டச் சொன்னபோதோ மீண்டும் வலப்புறம் விலகினார். குச்சி தொலைவை அருகாக்கியதும் குறையும் கூடவே போய்ச் சேர்ந்தது.

ஆற்றங்கரையான்

இருவருக்கும் நன்றி. நேற்று சுவரில் ஒரு நீள நாடாவை ஒட்டி, ஊன்றுகோலால் அதன் நடுவைத் தொடச் சொன்னேன். மூன்று முறையும் ஒரு சாண் வலப்புறம் தொட்டார். பிறகு நான் நாடாவின் மேல் விரலை நகர்த்த, நடு வந்ததும் நிறுத்தச் சொல்லும்படி கேட்டேன். ஒரு முறை சரியாக நிறுத்தினார், ஒரு முறை சற்று இடப்புறமே நிறுத்தினார், மூன்றாம் முறை அலுத்துப்போய்க் காப்பி கேட்டார்.

நரம்பியல் மாணவி

மூன்று முறை செய்ததை வைத்து முடிவுகட்ட முடியாது. உங்கள் விரல் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்பதே அவர் கவனத்தை இழுத்திருக்கும். ஆயினும் இதைப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், ஏனெனில் தாளில் கோடு போட வைக்கும் வழக்கமான சோதனை கைக்கெட்டும் இடத்தை மட்டுமே அளக்கிறது. தட்டின் இட விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பப் பழக்குவது பரவலாகக் கையாளப்படும் முறை. காப்பி டம்ளரையும் அந்த நாடாவுக்கு அருகிலேயே வையுங்கள்.