இசைக்குழு மறைந்த பக்கம்: யூத இனப்படுகொலைச் சித்திர நாவல்களும் நம் வாசிப்பு அனுபவங்களும்

தொடக்கப் பதிவு

யூத இனப்படுகொலையைப் பற்றிய சித்திர நாவல்களை வாசித்தவர்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். புத்தகத்தை மூடி வைத்த பிறகும் உங்கள் மனத்தை விட்டுப் போகாத கட்டம் எது? முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

இனப்படுகொலையிலிருந்து உயிர்தப்பிய தன் தந்தையிடம் கேட்டறிந்து ஆர்ட் ஸ்பீகல்மேன் வரைந்த ‘மௌஸ்’ 1986இலும் 1991இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் வரைந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, விலங்கு முகங்கள் அந்தக் கொடுமையைச் சற்றுத் தள்ளி நிறுத்தும், தாங்கிக்கொள்ள எளிதாக இருக்கும் என்றே நினைத்தேன். சில பக்கங்களிலேயே அந்த எண்ணம் தவறென்று தெரிந்துவிட்டது. எலி முகத்தில் இருப்பவை இரண்டு புள்ளிக் கண்களும் நாலைந்து கோடுகளும்தான். அச்சத்தையும் அழுகையையும் அதில் நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி எழுதிக்கொண்ட முகத்தை அயலார் முகமாகப் பார்க்க முடிவதில்லை.

நான் சொல்ல வந்த பக்கம் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகும்போது, கைதிகளையே கொண்ட இசைக்குழு ஒன்று வாயிலருகே வாசித்தது என்பது ஆவணங்களில் உறுதியாகப் பதிவான செய்தி. மகன் அதைப் பற்றித் தந்தை விளாடெக்கிடம் கேட்கிறார். தந்தையோ, அணிவகுப்பு மட்டும்தான் நினைவிருக்கிறது, இசைக்குழு எதையும் தான் பார்க்கவில்லை என்கிறார். மேலே உள்ள கட்டத்தில் இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. தந்தை மறுத்த பிறகு வரும் கட்டத்தில், அதே இடத்தைக் கைதிகளின் வரிசைகள் மறைத்துவிடுகின்றன. தலைகளுக்குப் பின்னால் வாத்தியங்களின் நுனிகள் மட்டும் தெரிகின்றன.

முதல் வாசிப்பில் அந்த நுனிகளை நான் கவனிக்கவே இல்லை. என் தந்தை இறந்த ஆண்டில் மீண்டும் அந்தப் புத்தகத்தை எடுத்தபோதுதான் அவை கண்ணில் பட்டன. கடைசி மாதங்களில் அவர் பழைய நிகழ்ச்சிகளைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம், “அப்படி நடக்கவில்லை, அப்பா” என்று ஆண்டையும் ஊரையும் நான் திருத்திக்கொண்டிருந்தேன். சில நாள்களில் அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஸ்பீகல்மேன் தந்தையையும் பொய்யராக்கவில்லை, ஆவணத்தையும் கைவிடவில்லை. தினமும் அந்த வழியே நடந்த ஒருவரின் காதில் இசை விழாமல் போகும் அளவுக்கு அந்த நடை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்ற கேள்வியை அந்த நுனிகளில் விட்டுவிட்டார். திரைப்படமாக இருந்தால் காட்சி ஓடிப் போயிருக்கும். இங்கே இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்பதால், என் கண் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருந்தது. அன்றிரவு அடுத்த பக்கத்துக்கு நான் போகவில்லை.

மறுமொழி 1

உங்கள் பதிவை வாசித்ததும் எனக்கு 1942இல் ஒரு முகாமுக்குள்ளேயே வரையப்பட்ட சிறு கையேடு நினைவுக்கு வந்தது. சித்திர நாவல் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சில பக்கங்களே கொண்டது என்றாலும், இந்த வரிசையில் அதற்கு இடம் உண்டு என்றே நினைக்கிறேன். வரைந்தவர் ஹோர்ஸ்ட் ரோசென்தால் என்ற ஜெர்மானிய யூத இளைஞர். முகாம், தென்மேற்குப் பிரான்ஸில் இருந்த கூர்ஸ். கதையில் மிக்கி மௌஸ் கைதாகி அந்த முகாமில் அடைக்கப்படுகிறது. தந்தை யார் என்று கேட்டால் வால்ட் டிஸ்னி என்று சொல்கிறது. அட்டையிலேயே, டிஸ்னியின் அனுமதியின்றி வெளியிடப்பட்டது என்று எழுதியிருக்கிறார் ரோசென்தால்.

அதன் பிரதிகளைப் பார்த்தபோது என்னை வருத்தியது, அந்தக் கோடுகளில் இருந்த குதூகலம்தான். பின்னாளில் வந்த நூல்களை வரைந்தவர்களுக்கு முடிவு தெரியும். ஜோ கூபர்ட் 2003இல் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதியில் நாஜிகளை எதிர்த்து நடந்த எழுச்சியைப் பற்றி ‘யோசெல்’ நூலை வரைந்தபோது, மை பூசாமல் பென்சில் கோடுகளையே அச்சிடக் கொடுத்தார். கைக்குழந்தையாகத் தன்னைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் போலந்தை விட்டுப் புறப்படாமல் இருந்திருந்தால் தனக்கு என்ன நேர்ந்திருக்கும் என்ற கற்பனை அது. அந்த முடிவுறாத கோடுகள் எவ்வளவு வலுவானவையாக இருந்தாலும், தப்பித்தவரின் கோடுகள் அவை. ரோசென்தாலுக்குத் தன் கதையின் முடிவு தெரியாது. கடைசிப் பக்கத்தில் மிக்கி, தான் வெறும் கேலிச்சித்திரம்தானே என்று சொல்லி ரப்பரால் தன்னையே அழித்துக்கொண்டு, முகாமை விட்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிடுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ரோசென்தால் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கையேடு மட்டும் மிஞ்சி, இப்போது பாரிஸில் யூத இனப்படுகொலைக்காக அமைந்த ஷோவா நினைவகத்தில் இருக்கிறது. அழித்துக்கொண்டு தப்பிப் போன எலியை நான் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை.

மறுமொழி 2

முதல் பதிவில் தந்தையைத் திருத்தியதாக எழுதியிருந்தீர்கள். ‘மௌஸ்’ நூலில் என்னால் கடக்க முடியாத இடமும் ஒரு தந்தை தவறாகச் சொன்ன ஒரே ஒரு பெயர்தான்.

விளாடெக்குக்கும் அவர் மனைவி ஆன்யாவுக்கும் போருக்கு முன் ரிஷியூ என்ற மகன் இருந்தான். பாதுகாப்பாக இருப்பான் என்று நம்பி, சாவியெர்சியே ஊரில் இருந்த பெரியம்மாவிடம் அவனை அனுப்பி வைத்தார்கள். 1943இல் அங்கிருந்த யூதர்களை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்தப் பெண்மணி குழந்தைகளுக்கு நஞ்சு கொடுத்துத் தானும் அருந்திவிட்டார். ஆசிரியர் இதை ஒரே பக்கத்துக்குள் முடித்துவிடுகிறார். இரண்டாம் பாகத்தைத் திறந்தால் ரிஷியூவின் உண்மையான புகைப்படம் இருக்கிறது. எலி முகங்களுக்குப் பழகிப்போன கண்ணுக்கு முன்னால் திடீரென்று ஒரு குழந்தையின் முகம் வந்து நிற்கும்போது, இத்தனை பக்கங்களாக யாரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தோம் என்பது உறைக்கிறது. என் மகனுக்கு அப்போது மூன்று வயது. அவனைப் பக்கத்தில் தூங்க வைத்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்த நான், எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கடைசிப் பக்கத்தில், நோயுற்ற விளாடெக் படுக்கையில் திரும்பிப் படுத்து, பேசிப் பேசிக் களைத்துவிட்டேன், இன்றைக்குக் கதைகள் போதும் என்கிறார். அதைச் சொல்லும்போது எதிரே நிற்கும் மகனை ரிஷியூ என்று அழைக்கிறார். ஆர்ட் மறுமொழி சொல்வதாக ஒரு பேச்சுக் குமிழியும் இல்லை. கீழே பெற்றோர் இருவரின் பெயர் பொறித்த கல்லறைக் கல்லும், அதன் கீழே ஆசிரியரின் கையொப்பமும், 1978–1991 என்ற ஆண்டுகளும் இருக்கின்றன.