கென்ய இளைஞர்கள் இனக்குழு அரசியலைக் கடந்துவிட்டார்களா?

அருள்மொழி:
"இனமில்லை, கட்சியில்லை, தலைவரில்லை." 2024 ஜூனில் நைரோபி வீதிகளில் இறங்கிய பிள்ளைகளின் முழக்கம் இது. ரொட்டிக்குக்கூட 16 விழுக்காடு வரி போடப் பார்த்த நிதி மசோதாவை எதிர்த்துக் கிளம்பினார்கள். 25ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள். மறுநாளே அதிபர் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். அவருடைய கோட்டையான எல்டோரெட்டிலும் இளைஞர்கள் அவரை எதிர்த்துத் தெருவுக்கு வந்ததுதான் எனக்குப் பெரிய செய்தி. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கலென்ஜின், கிகுயு என்று இரு இனக்குழுக்களாகப் பிரிந்து ரத்தம் சிந்திய ஊர் அது. நாடு முழுவதும் 1,100 பேருக்கு மேல் செத்த கலவரம். அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று இப்படி நிற்கிறார்கள் என்றால், இனக்குழு அரசியலின் முதுகெலும்பு முறிந்துவிட்டது என்றே சொல்வேன்.

கதிர்வேல் (நைரோபி):
முறியவில்லை, அருள். மசோதா போன அடுத்த மாதமே எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்காவின் ஆட்கள் அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்டார்கள். அக்டோபரில் கிகுயுவான துணை அதிபர் கச்சாகுவாவைப் பதவிநீக்கம் செய்தார்கள். உடனே பேச்செல்லாம் கென்ய மலைப் பகுதியின் கிகுயு ஓட்டு இனி யாருக்கு என்பதாகிவிட்டது. அதே பழைய கணக்கு.
என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் லுவோ இனக்குழுவைச் சேர்ந்தவன். அந்தப் போராட்டத்தில் கண்ணீர்ப்புகை குடித்தவன். வீடு தேடிப் போன் செய்யும்போது கிறிஸ்தவப் பெயரை மட்டும்தான் சொல்கிறான். லுவோ என்று காட்டிக்கொடுக்கும், 'ஓ'வில் தொடங்கும் குடும்பப் பெயர் முன்பணம் கட்டும் அன்றுதான் வெளியே வரும். முதலிலேயே சொன்னால் காலியாக இருந்த வீடு நிறைந்துவிடுமாம். முழக்கம் போட்ட தொண்டையால் சொந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை!

மலர்விழி:
இருவரும் மனப்பான்மையைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தப் பிரிவினை சட்டம் போட்டு வளர்க்கப்பட்டது. காலனி ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் ஆப்பிரிக்கர்களின் அரசியல் அமைப்புகளுக்குத் தடை விதித்த பிரிட்டிஷ் அரசு, 1955இல் அதைத் தளர்த்தியபோது மாவட்ட அளவிலான கட்சிகளை மட்டுமே அனுமதித்தது. மாவட்டங்களோ இனக்குழு எல்லையை ஒட்டி வரையப்பட்டவை. நாடு தழுவிய கட்சி நடத்தவே வழியில்லாமல் வளர்ந்தவர்கள்தான் 1963இல் ஆட்சியைக் கையில் வாங்கினார்கள்.
அடுத்தது நிலம். எல்டோரெட் இருக்கும் பிளவுப் பள்ளத்தாக்கில் வெள்ளையர் பிடுங்கிய நிலம் விடுதலைக்குப் பின் பறிகொடுத்தவர்களுக்கே திரும்பவில்லை. கணிசமான பகுதி, காசு கொடுத்து வாங்க முடிந்த கிகுயுக்களிடமும் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் போனது. 2008 புத்தாண்டு நாளில் எல்டோரெட் அருகே கியம்பாவில், தேவாலயத்தில் ஒளிந்திருந்த கிகுயுப் பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே வைத்துக் கொளுத்தினார்களே, அந்த வெறிக்குப் பின்னால் தேர்தல் மட்டுமா இருந்தது? நைரோபி மாணவன் இனமில்லை என்று சொல்வது எளிது. பத்திரத்தில் தாத்தா பெயர் இருந்தும் ஊர் திரும்ப அஞ்சுகிற குடும்பத்துப் பையன் எதைச் சொல்வான்?

அருள்மொழி:
மலர் அக்கா, வரலாறு சரி. ஆனால் வரலாற்றையே விலங்காக மாட்டிவிடாதீர்கள். 2024 ஜூலை 7 அன்று உஹுரு பூங்காவில் கூடி, சுட்டுக் கொல்லப்பட்டவர்களை நாட்டின் பிள்ளைகள் என்றுதான் நினைவுகூர்ந்தார்கள். இறந்தவன் எந்த இனம் என்று கேட்டுவிட்டு அழுத நாடு அது! இது சின்ன மாற்றமா?

நசீர்:
எல்லோரும் மறந்த ஒரு பக்கம் உண்டு. கென்யச் சோமாலியருக்கு 18 வயதானால் அடையாள அட்டை லேசில் கிடைத்ததில்லை. பெரியவர்களும் அதிகாரிகளும் அடங்கிய குழுவின் முன் நின்று, பெற்றோர், பாட்டன், குலம் எல்லாம் சொல்லித் தான் கென்யன்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அட்டை இல்லையென்றால் வேலையும் இல்லை, ஓட்டும் இல்லை. அந்த விசாரணையை ரத்துசெய்யும் உத்தரவு 2025 பிப்ரவரியில்தான் வந்தது. இனத்தை மறப்போம் என்று பெரிய குழுக்களின் பிள்ளைகள் சொல்லலாம். அரசே நெற்றியில் இனத்தை ஒட்டி அனுப்பியவனிடம் அதைச் சொன்னால், அவன் குறையையும் சேர்த்து மறக்கச் சொல்வதாகத்தான் அவனுக்குக் கேட்கும்.

கதிர்வேல் (நைரோபி):
நசீர் பாய் சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். சட்டத்துக்கும் இங்கே குறைவில்லை. அரசு நிறுவனம் எதிலும் ஒரே இனக்குழுவினர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2008லேயே சட்டம் போட்டார்கள். 2010 அரசியல் சாசனப்படி, அதிபராக வெல்ல 47 கவுண்ட்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) பாதிக்கு மேற்பட்டவற்றில் தலா 25 விழுக்காடு ஓட்டும் வேண்டும். தலைவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு பெரிய இனக்குழுக்களை ஜோடி சேர்த்துக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். 2022 தேர்தலில் 35 வயதுக்குட்பட்டோர் பதிவான வாக்காளர்களில் சுமார் 40 விழுக்காடு. 2017ஐவிடக் குறைவு. வீதிக்கு வந்த கூட்டம் வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால் 2027 தேர்தலிலும் கிழவர்கள்தான் பேரம் பேசுவார்கள்.

அருள்மொழி:
அப்படியானால் குறை முழக்கத்தில் இல்லை, கதிர். பதிவு செய்ய வைப்பதுதான் இனி வேலை. நிலமும் அடையாள அட்டையும் அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் ஏறட்டும், அதற்கு நான் எதிரியல்ல. ஆனால் உங்கள் தம்பியின் வீட்டுக்காரருக்கு என்ன வயது என்று சொல்லுங்கள். அவருக்கு முப்பது வயது என்றால் என் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

கதிர்வேல் (நைரோபி):
அறுபதுக்கு மேல். ஆனால் பெயரைக் கேட்டுக்கொண்டு வாடகை பேசுவது அவருடைய மகன். அவனுக்கு இருபத்தெட்டு.