கொறங்காட்டுக் கடவுக்கு ஏற்றி இறக்கும் இரும்புப் படல்: ஒரு யோசனை

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்கப் பணத்தில் ஊர்க் கொறங்காடுகளுக்கு (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்கு) இரும்புக் கதவு போட்டுக் கொடுக்கலாம் என்று பொருளாளர் அண்ணன் எழுதியிருந்தார். நல்ல காரியம், செய்தே ஆக வேண்டிய காரியம். காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கமெல்லாம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவதை ஊருக்குப் பேசும்போதெல்லாம் கேட்கிறோம். கிளுவை வேலி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் நாய் கடவு வழியாக, அதாவது வேலியில் ஆளும் மாடும் போக விட்ட இடைவெளி வழியாக, வந்துவிடுகிறது.

ஆனால் அண்ணன் இணைத்திருந்த படத்தில் உள்ள கதவு வேண்டாம் என்பது என் கருத்து. அது வீட்டு முன்வாசலுக்குப் போடுகிற கதவு. 12 அடி அகலம், 5 அடி உயரம், முழுக்கத் தகடு அடித்தது. நம் பக்கத்து ஆடிக் காற்றை நினைத்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அந்தத் தகடு மேல் விழும் அழுத்தம் 60 கிலோவுக்கு மேல் வரும். காடு காடாக அந்தக் கதவைத் திறந்து மூடப்போவது யார்? நாம் எல்லோரும் வெளியூரில் இருக்கிறோம். அங்கே இருப்பது நம் அம்மாக்களும் பெரியப்பாக்களும். ஒரு கையில் சோளத் தட்டுக்கட்டோ தண்ணீர்க் குடமோ இருக்கும். மறு கையால் திறக்க முடிகிற கதவுதான் அவர்களுக்கு வேண்டும்.

இன்னொன்று. கொறங்காடு ஒரே காடு அல்ல. உள்வேலி போட்டு மூன்று நான்கு பாகமாகப் பிரித்து, கொழுக்கட்டைப்புல் ஒரு பக்கம் தேய்ந்ததும் அடுத்த பக்கம் மாற்றி மேய்ப்பதுதான் அதன் உயிரே. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெரிய கதவு கொடுத்தால் இட்டேரிப் (இருபக்கமும் வேலி உள்ள வண்டிப்பாதை) பக்கம் மட்டும் அழகாக இருக்கும், உள்கடவுகளில் பழையபடி முள்தான் கிடக்கும். அதே பணத்தில் எளிய கதவுகள் பல போடலாம்.

இப்போது கடவில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, வேல முள்ளை வைத்துக் கட்டிய படல். இழுத்து இழுத்துக் கை கிழியும், வருஷா வருஷம் புதிதாகக் கட்ட வேண்டும். மற்றொன்று உழலை மரம்: இரண்டு கல்லுக்கால்களில் துளை போட்டுக் குறுக்கு மரங்களைச் சொருகுவது. அது அருமையான ஏற்பாடு. மாடு போக வேண்டுமானால் எல்லா மரத்தையும் உருவலாம், ஆள் போகக் கீழே இரண்டை மட்டும் உருவிக் குனிந்து போகலாம். மாட்டை நிறுத்தும். ஆட்டுக்குட்டியையும் நாயையும் நிறுத்தாது, அதுதான் குறை.

நான் இங்கே விக்டோரியாவில் பண்ணைச் சாமான்கள் செய்யும் பட்டறையில்தான் வேலை பார்க்கிறேன். இந்த ஊர் ஆட்டுப் பண்ணைகளில் 10, 12, 14 அடிக் குழாய்க் கதவுகளைத்தான் எங்கும் பார்க்கிறோம். குழாய்ச் சட்டம், அதில் வலை, இரண்டு குடுமி (கதவு சுழலும் முளை), ஒரு சங்கிலி. அவ்வளவுதான். அந்த வடிவத்தில் நம் கடவுக்கு வேண்டிய மாற்றங்களைச் சேர்த்து ஒரு படம் போட்டிருக்கிறேன். படம் தனி மடலில் வரும், விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

கடவுக் கதவில் நிலையாக நிற்காதவை இரண்டு: கல்லுக்கால் சாயும், கதவுக்குக் கீழே நிலம் மாறும். ஐப்பசி மழையில் சரளை அரித்துப் போய், டிராக்டர் சக்கரம் போன தடத்தில் பள்ளம் விழும். கதவு அப்படியே இருக்கும், அடியில் ஒரு சாண் இடைவெளி வந்துவிடும். நாய்க்கு அது போதும். அதனால் கதவின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பதைவிட, வால் பக்கத்தை (குடுமிக்கு எதிர் நுனியை) ஏற்றி இறக்குவதும் அடி இடைவெளியை அடைப்பதும்தான் முக்கியம். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைந்து நீளுகிற மாதிரி கதவு செய்யலாமே என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். செய்யலாம். ஒன்றேகால் அங்குல பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) குழாய்க்குள் ஒரு அங்குலக் குழாய் லேசான ஆட்டத்தோடு நுழையும். ஆனால் எடை கூடும், மண்ணும் துருவும் சேர்ந்து இரண்டு வருஷத்தில் இறுகிவிடும், கடவின் அகலமோ தினமும் மாறுவதில்லை. அதற்குப் பதில் 10 அடிக் கதவு ஒன்று, அதை ஒட்டிக் கழற்றி எடுக்கிற ஒரு கால், அப்புறம் 4 அடிக்கு உழலை மரம் போதும். போர்வெல் லாரியோ தட்டுப்போர் ஏற்றிய வண்டியோ வரும் நாளில் மரத்தை உருவி, அந்தக் காலையும் எடுத்துக்கொள்ளலாம். அந்த 4 அடிக்கு மட்டும் வலையை ஒரு கம்பிச் சட்டத்தில் கட்டி உழலையோடு சாய்த்து வைத்தால் நாயும் வராது.

சரி, கதவுக்கு வருவோம். ஒரு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், பி கிளாஸ். 10 அடியில் மூன்று கிடைக்குழாய்கள்: மேலே ஒன்று, அடியில் ஒன்று, அடிக்குழாய்க்கு 1 அடி மேலே இன்னொன்று. நிற்கிற குழாய்கள் வால் பக்கமும் நடுவிலும் 3 அடி, குடுமிப் பக்கம் மட்டும் 4 அடி. ஆக ஏறக்குறைய 40 அடி குழாய், எடை 30 கிலோ. மேல்பாகத்தில் 2 அங்குலக் கண் உள்ள வலை. கண் பெரிதாக இருந்தால் வெள்ளாடு தலையை விட்டுக் கொம்பு மாட்டிக்கொண்டு கத்தும்.

குடுமிப் பக்கக் குழாயை ஒரு அடி உயர்த்தியதற்குக் காரணம் உண்டு. கதவு மொத்தம் 60 கிலோ என்றால், அந்த எடை குடுமியிலிருந்து 5 அடி தள்ளி இருப்பதாகக் கணக்கு. இரண்டு குடுமிக்கும் நடுவே 3 அடி இருந்தால் மேல்குடுமி கல்லுக்காலை 100 கிலோ இழுப்பு இழுக்கும். 4 அடி வைத்தால் 75 கிலோவாகக் குறையும். கல் சாயாமல் நிற்பதற்குச் செலவில்லாத வைத்தியம் இது. கல் 8 அடி நீளம் இருக்கட்டும், இரண்டரை அடி மண்ணுக்குள் போகட்டும். உயிர்க் கிளுவையில் மட்டும் தயவுசெய்து கதவைத் தொங்கவிட வேண்டாம். அது பருக்கும், வளையும், குடுமியை விழுங்கிவிடும்.

மேல்குடுமிக்கு 20 மில்லிமீட்டர் மரையாணி. ஒரு நுனியில் கதவின் வளையம் மாட்டுகிற குடுமி ஆணியைப் பற்றவைத்து, மரையாணியைக் கல்லின் துளை வழியே மறுபக்கம் விட்டு, கல்லுக்கு முன்னும் பின்னும் நட்டும் வாசரும் போட வேண்டும். இதில்தான் இந்தக் கதவின் சூட்சுமம் இருக்கிறது. சாதாரண 20 மில்லி மரையில் நட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஆணி இரண்டரை மில்லிமீட்டர் நகரும். குடுமிகள் 4 அடி இடைவெளி, கதவு 10 அடி நீளம், ஆகவே வால் பக்கம் 6 மில்லிமீட்டர் ஏறும். நான்கு சுற்றில் ஒரு அங்குலம். கல் சாய்ந்து கதவு தரை தட்டினால் வெல்டிங்காரரைத் தேட வேண்டாம், கல்லைப் பிடுங்கி நட வேண்டாம். ஒரு ஸ்பேனர் எடுத்து, முன்நட்டைத் தளர்த்தி, பின்நட்டைச் சுற்றி, மறுபடி இறுக்கினால் முடிந்தது. மரையில் கிரீஸ் தடவிப் பழைய டியூப் துண்டைச் சுற்றிக் கட்டி வைத்தால் வருஷக்கணக்கில் சுழலும்.

கீழ்குடுமி ஆணி மேல் பார்த்து நிற்கட்டும், எடையை அது தாங்கும். மேல்குடுமி ஆணி கீழ் பார்த்து இருக்க வேண்டும், அல்லது அதன் தலையில் ஒரு பின் போட வேண்டும். இரண்டும் மேல் பார்த்து இருந்தால் நம் மயிலைக் காளை கொம்பைக் கொடுத்து ஒரே தூக்கில் கதவைக் கழற்றி வைத்துவிடும்.

குறுக்கு இழுப்புக் கம்பி ஒன்று வேண்டும். குடுமிப் பக்கம் மேல் நுனியிலிருந்து வால் பக்கம் கீழ் மூலைக்கு. 6 மில்லிக் கம்பி, நடுவில் அதை முறுக்கி இறுக்க ஒரு டர்ன்பக்கிள். திசையைப் பட்டறைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள். மாற்றிக் கட்டினால் கம்பி தொளதொளவென்று கிடக்கும், கதவு தொங்கும்.

அடுத்து அடி இடைவெளி. கதவின் அடிக்குழாய் தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் இருக்கும். வேண்டுமென்றேதான் அவ்வளவு உயரம். மேடு பள்ளத்தில் தட்டாமல் கதவு சுற்ற வேண்டுமே. அடிக்குழாயிலும் அதற்கு மேலுள்ள குழாயிலும் ஆளுக்கொரு பட்டைக் கம்பி பற்றவைத்து, இரண்டிலும் நேருக்கு நேராக 4 அங்குலத்துக்கு ஒரு துளை போட வேண்டும். துளைகளில் 10 மில்லிக் கம்பிகள், ஒவ்வொன்றும் 3 அடி, மேல்நுனி எல் மாதிரி வளைந்தது. கம்பிகளைப் பற்றவைக்கக் கூடாது, சும்மா தொங்க வேண்டும். ஒவ்வொன்றும் தன் எடையில் இறங்கித் தரையைத் தொட்டு நிற்கும். மேடான இடத்தில் கம்பி உயர்ந்து நிற்கும், சக்கரத் தடத்தில் இறங்கி நிற்கும். நாய் அடியில் பறித்தால் பறிக்கப் பறிக்கக் கம்பியும் கூடவே இறங்கும். முக்கால் அடிப் பள்ளம் வரை அது துரத்திக்கொண்டு போகும். இதை ஊரில் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

கதவைத் திறக்கும் முன் கம்பிகளைத் தூக்க வேண்டும். வளைந்த தலைகளுக்கு அடியில் ஒரு அரை அங்குலக் குழாயை நீளவாக்கில் விட்டு, அதன் இரு நுனியிலும் சங்கிலி. குழாயை உயர்த்திச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினால் கம்பிகள் எல்லாம் ஒன்றாக மேலே வரும். மொத்தக் கம்பி எடை 16 கிலோ. அதனால் குழாயை இரண்டு பாதியாக வைக்கச் சொல்கிறேன். குழாயையும் சேர்த்து ஒரு தடவைக்கு ஏறக்குறைய 10 கிலோதான் தூக்க வேண்டியிருக்கும். 12 மில்லிக் கம்பி போட்டால் இன்னும் உறுதிதான், ஆனால் எடை 24 கிலோவுக்குப் போய்விடும். பகலில் மாடு மட்டும் உள்ளே இருக்கும்போது கம்பிகள் மேலேயே இருக்கலாம். பொழுது சாய்ந்து ஆட்டை அடைத்த பிறகு இறக்கிவிட்டால் போதும்.

குட்டி வைத்திருக்கும் அக்காமார்களுக்கு ஒரு செய்தி. ஒரே ஒரு கம்பியை மட்டும் தூக்கி மாட்டினால் ஏழரை அங்குல வழி கிடைக்கும். இளங்குட்டி நுழைந்துவிடும், தாயாடு நுழையாது. அந்தப் பக்கம் குட்டிகளுக்கு மட்டும் கடலைக்கொடியோ தவிடோ வைக்கலாம். பெரியவை தின்றுவிடும் என்று பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டியதில்லை.

பூட்டுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். கல் நகர்ந்தால் தாழ்ப்பாள் துளையில் உட்காராது. கல்லில் ஒரு சங்கிலி, கதவில் ஒரு தகடு. தகட்டில் மேலே அகன்றும் கீழே குறுகியும் ஒரு வெட்டு. சங்கிலியை அகன்ற இடத்தில் விட்டுக் கீழே இழுத்தால் கண்ணி மாட்டிக்கொள்ளும். இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் வேறு கண்ணியில் மாட்டலாம். ஒரு கையால் முடியும்.

பட்டறைக்காரருக்கு ஒரு வேண்டுகோளும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜிஐ குழாயைப் பற்றவைக்கும் முன் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடட்டும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யட்டும். அந்தப் புகையை மூச்சில் வாங்கினால் அன்று ராத்திரியே காய்ச்சலும் குளிரும் வரும். பற்றவைத்த இடங்களில் துத்தநாகப் பெயின்ட் அடிக்காவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும்.

மொத்தத்தில் ஒரு கதவு 60 கிலோ அளவில் முடியும். உள்ளூர் விலையும் கூலியும் ஊரில் இருப்பவர்கள் கேட்டு எழுதினால் நல்லது. மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று செய்து, இட்டேரி முனையில் எல்லா ஆடும் மாடும் போகும் கடவில் மாட்டுவோம். ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் அதன் மேல் போகட்டும். அந்தச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். தினமும் திறந்து மூடும் பெண்களிடம் கேட்டு, அவர்கள் சொல்கிற மாற்றத்தைச் செய்த பிறகு மற்றதைச் செய்யலாம்.

தைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் காட்டுக் கடவின் அகலத்தைக் கல்லின் மேலேயும் அடியிலும் தனித்தனியாக அளந்து, இரண்டு அளவையும் அனுப்புங்கள். கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தரை எந்தப் பக்கம் சரிவு என்பதையும் எழுதுங்கள். கதவு சரிவு இறங்கும் பக்கமாகத்தான் திறக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் குடுமி எந்தக் கல்லில் என்று முடிவு செய்ய முடியும்.

அன்புடன்,
மெல்பர்ன் பக்கத்திலிருந்து