புதுப்பிப்பு: ஸ்டெல்வியோ ஏற எந்தச் சின்னக் கார்?

இத்தாலியின் ஸ்டெல்வியோ மலைக் கணவாய்க்கு வாடகைக் கார் எடுத்தால் ஃபியட் பாண்டா 1.2 (டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின்) போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டு பேர், இரண்டு பைகள் என்றால் இப்போதும் அதே பதில்தான். நாலு பேரா? டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) உள்ள காராகக் கேட்டு வாங்குங்கள். 2,757 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட கால்வாசி சக்தியை இழக்கும். பாண்டாவின் 69 குதிரைசக்தி ஐம்பத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

கணவாயின் அடிவாரத்து ஊரான பிராட் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒடுக்கமான கார்தான் ராஜா. வாடகைக் கவுன்டரில் எஸ்யூவி இலவசம் என்றாலும் வேண்டாம்.

இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கை அழுத்தமாக மிதித்து, உடனே விடுங்கள். லேசாக மிதித்தபடியே வந்தால் பிரேக் பேட் சூடேறி, தீய்ந்த வாடை கிளம்பும். அப்புறம் பிரேக் பிடிக்காது. வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி.