லூசுக்கு ரெண்டு ஓ: புதிதாக வெளிநாடு போகிறவர்களுக்கு

லீவுக்குத் தண்டையார்பேட்டை வந்திருக்கிறேன். அக்கா மகன் அடுத்த மாதம் பர்மிங்காம் போகிறான். அங்கே வீடு தரப்போகிறவருக்கு எழுதிய மெயிலைக் காட்டி, "மாமா, அனுப்பிடவா?" என்றான். அட்வான்ஸ் கட்ட ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் மெயில். ‘பேர் வித் மீ’ என்பதில் பி-இ-ஏ-ஆர் வர வேண்டிய இடத்தில் பி-ஏ-ஆர்-இ போட்டிருந்தான். பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது, என்னோடு சேர்ந்து துணியை அவிழ்த்துப் போடுங்கள் என்று ஆகிவிட்டது! அதுவும் நல்ல இங்கிலீஷ் வார்த்தைதான் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை.

எங்கள் தெருமுனையில் ‘கோழிக்கரி’ என்று போர்டு இருக்கிறது. அடுப்புக்கரி கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை, வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. வெளியூரில் அந்தச் சலுகை கிடைக்காது.

எனக்கே நடந்தது. நான் வெளிநாடு போன முதல் வருஷம் சாவியைத் தொலைத்துவிட்டு, வீட்டுக்காரருக்கு ‘கீ லூஸ்’ என்று இரண்டு ஓ போட்டு மெசேஜ் அனுப்பினேன். பூட்டில் சாவி ஆடுகிறது என்று நினைத்து, வியாழக்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார் மனிதர். அன்று ராத்திரி நண்பன் வீட்டுத் தரையில் படுத்தேன். தொலைப்பதற்கு ஒரே ஓ, கடைசியில் இசட் ஒலி. தமிழில் அந்த ஒலியே இல்லாததால் நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நம்ம ஏரியாவில் ‘லூசு’ என்று திட்டுகிறோமே, அதற்குத்தான் முழித்த கண் மாதிரி ரெண்டு ஓ.

அட்வைஸும் அதே கதை. பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ். வினையில் இசட் ஒலி வரும். லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டுக்கும் பிரிட்டனில் இதே கணக்கு, ஆனால் உச்சரிப்பு மாறாது. அமெரிக்காவில் லைசென்ஸுக்கு எப்போதும் எஸ், பிராக்டிஸுக்கு எப்போதும் சி. எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள்.

ஸ்டேஷனரி என்றதும் நமக்கு ஆண்டர்சன் தெருவில் அடுக்கிவைத்த பேப்பர் கட்டுதான். அதன் கடைசியில் இ-ஆர்-ஒய். என்வலப்புக்கு முதலெழுத்து இ என்று ஞாபகம் வையுங்கள். ராயபுரம் ஸ்டேஷனில் சிக்னலுக்கு நிற்கும் ரயில் ஏ-ஆர்-ஒய். டிரைவிங் தியரி டெஸ்ட்டுக்குப் படிக்கும்போது இந்த இரண்டாவதுதான் வரும், நின்றுகொண்டிருக்கும் வண்டி என்று அர்த்தம்.

டெய்ரியில் ஏ முன்னால் வந்தால் பால் பொருள், ஐ முன்னால் வந்தால் நாட்குறிப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்புக்கு ரெண்டு எஸ், பாலைவனத்துக்கு ஒன்று. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அப்புறம் கவுன்சில். சி-ஐ-எல் என்று முடிந்தால் உள்ளாட்சி மன்றம், எஸ்-இ-எல் என்று முடிந்தால் ஆலோசனை, அல்லது கோர்ட்டில் வாதாடும் வக்கீல். என் ரூம்மேட் முதல் கவுன்சில் டாக்ஸ் கடிதத்தைப் பார்த்து, யாரோ கேஸ் போட்டுவிட்டார்கள் என்று ரெண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தான். பிரித்தால், வீட்டு வரி. இங்கிலாந்தில் வீட்டில் இருக்கும் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வரி கிடையாது. காலேஜ் சான்றிதழைக் காட்டி விலக்குக் கேளுங்கள். அதனால் அந்தக் கவரைப் பயந்து ஓரமாக வைக்காமல், வந்த அன்றே பிரித்துவிடுங்கள்.