ஓவர்ஹெட் பிரஸ்: வலது பக்கம் பார் சாய்கிறது, என்ன செய்ய?

தெற்குவாடி:
பாம்பனில் நாட்டுப்படகு. பத்து வருஷமாக அப்பாவோடு கையால் வலை இழுக்கிறேன், சாயங்காலம் ஜிம். பெஞ்ச், டெட்லிஃப்ட் எல்லாம் நன்றாகப் போகிறது. ஓவர்ஹெட் பிரஸ் (எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தலைக்கு மேலே தூக்குவது) மட்டும் 40 கிலோவைத் தாண்டவில்லை. தலைக்கு மேலே போனதும் வலது பக்கம் பார் தாழ்கிறது, இடுப்பு வில்லாக வளைகிறது. வலி கிடையாது. இத்தனைக்கும் எனக்கு வலது கைதான் பலம். மாஸ்டர் "வெயிட்டை ஏத்து, தானா சரியாயிடும்" என்கிறார். ஏற்றலாமா?

கீழக்கரை காக்கா:
வேண்டாம் தம்பி. துபாய் குடோனில் இருந்தபோது நானும் இப்படித்தான் ஏற்றினேன். தோள் தப்பித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு மாதம் குனிய முடியவில்லை. கை போகாத தூரத்தை முதுகு வளைந்து ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

தொண்டி பிசியோ:
மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். இடுப்பு தரையை விட்டு எழும்பாமல், முழங்கையை நீட்டிக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். பிறகு கையைத் தளர விட்டு, வேறொருவரிடம் அதைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தூக்கினால் போகிறது, நீங்களாகத் தூக்கினால் போகவில்லை என்றால் பலக்குறைவு. அவர் தூக்கியும் நின்றுவிட்டால் இறுக்கம்.

தெற்குவாடி:
அம்மாவிடம் என் கையைத் தூக்கச் சொன்னேன். இடது கை தரையைத் தொட்டது. வலது நாலு விரல் உயரத்தில் நின்றுவிட்டது. "என்னடா, துடுப்புக் கட்டை மாதிரி இருக்கு" என்றார்.

தொண்டி பிசியோ:
இறுக்கம்தான். அக்குளிலிருந்து இடுப்புவரை இறங்கும் லேட்ஸ் தசையாக இருக்கலாம். வலை இழுக்கிறவர்களுக்கு அது இழுக்கத்தான் பழகியிருக்கும், மேலே நீள விடாது. கை முழுசாக உயர சுமார் 180 டிகிரி வேண்டும். அதில் 60 டிகிரி போலத் தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருவது. மேல்முதுகு கூனியிருந்தால் அதுவும் குறையும்.

கட்டில் முன் மண்டியிட்டு, முழங்கைகளை விளிம்பில் ஊன்றி, நெஞ்சைத் தரைப்பக்கம் இறக்குங்கள். 30 விநாடி, மூன்று தடவை. கைலியை உருட்டி மேல்முதுகுக்குக் குறுக்கே வைத்துப் படுப்பதும் நல்லது, ஃபோம் ரோலர் தேவையில்லை. பாரைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு முழங்காலில் நின்று ஒற்றை டம்பெல்லைத் தலைக்கு மேலே தூக்குங்கள், 8 கிலோ போதும். வலது கையில் முதலில் செய்து, அது எத்தனை போகிறதோ அத்தனையே இடதுக்கும். விலா முன்னால் துருத்தினால் அந்த செட் அங்கேயே முடிந்தது. கை மரத்துப்போனாலோ, ராத்திரியில் தோள் வலித்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

தெற்குவாடி:
சரி அண்ணே. தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், அந்த 61 நாளும் எங்களுக்கு வலை உண்டு. இழுப்பதை நிறுத்த முடியாது.

கீழக்கரை காக்கா:
நிறுத்தச் சொல்லவில்லையே. மீன் பெட்டியை எந்தத் தோளில் வைத்துக் கரைக்குக் கொண்டுவருகிறாய்?

தெற்குவாடி:
வலதுதான். எப்பவுமே.

கீழக்கரை காக்கா:
நாளையிலிருந்து ஒரு நடை வலது, ஒரு நடை இடது. முதல் ரெண்டு நாள் பெட்டி சாய்ந்து ஐஸ் தண்ணீர் சட்டைக்குள் இறங்கும். பழைய சட்டையாகப் போட்டுக்கொள்.