‘ஸ்மார்ட் கட்’: கரைக்குறியாக்கம் எனலாமா?

வணக்கம்.

காணொளி வெட்டும் மென்பொருளில் வரும் ‘ஸ்மார்ட் கட்’ வசதியைத் தமிழில் ‘திறன்வெட்டு’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. திறன்பேசியைப் பார்த்து வார்த்த சொல் அது. உள்ளே நடப்பது எதையும் சொல்லாது.

நல்லூர்த் தேர்த்திருவிழாவின் 4 மணித்தியாலப் பதிவில், தேர்முட்டியை விட்டுத் தேர் அசையும் கணத்திலிருந்து வேண்டும் என்று வைப்போம். எச்.264 முறையில் சுருக்கிய காணொளிக் கோப்பில், சட்டகம் எனப்படும் படங்களுள் திறவுச் சட்டகம்தான் (கீஃப்ரேம்) தனித்து நின்று முழுப்படம் தரும். மற்றவை அயற் சட்டகங்களிலிருந்து மாறியதை மட்டும் சொல்பவை. அந்த முறையில் குறியாக்கும் எக்ஸ்264 மென்பொருளின் இயல்பிருப்பில் இரு திறவுச் சட்டகங்களுக்கிடையே 250 சட்டகம் வரை போகலாம். செக்கனுக்கு 25 என்றால் 10 செக்கன். அதனால் எதையும் மாற்றாமல் அப்படியே நகலெடுக்கும் வெறும் நகல்வெட்டு, கேட்ட இடத்தை விட்டு முந்திய திறவுச் சட்டகத்துக்குப் பின்வாங்கிவிடும். முழுவதையும் மீள்குறியாக்கினால், அதாவது விரித்துத் திரும்பச் சுருக்கினால், இடம் சரியாகும். ஆனால் நேரமும் தரமும் போகும்.

ஸ்மார்ட் கட் இரண்டுக்கும் நடுவில் போகிறது. வெட்டுப்புள்ளி 01:12:04, அடுத்த திறவுச் சட்டகம் 01:12:11 என்றால், அந்த 7 செக்கனை மட்டும் மீள்குறியாக்கி, மிச்சத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும். ஒரு திறவுச் சட்டகம் முதல் அடுத்ததற்கு முன்வரை உள்ளவை ஒரு கொத்து; முடிவுப் பக்கமும் கடைசிக் கொத்துக்கு இதே வேலைதான்.

கடகத்தில் இழைத்த ஓலையைத் தொடாமல் விளிம்புக்கு மட்டும் நார் வைத்துக் கட்டுவதுபோல, கரைக்கு மட்டும் வேலை. ஆகவே ‘கரைக்குறியாக்கம்’.

––––

அண்ணை, வணக்கம்.

> ஆகவே ‘கரைக்குறியாக்கம்’.

‘கரைதல்’ என்று மயங்குவார்களோ என்றுதான் முதலில் யோசித்தேன். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. நடுவில் நிற்கும் ‘க்’ இது பெயர்ச்சொல் என்று காட்டிவிடுகிறது. அந்த ‘க்’கை ஒருவரும் விடக்கூடாது.

விளக்கக் குறிப்பில் இரு துண்டும் சேரும் ஒட்டைப் பற்றியும் எழுத வேண்டும், பிழைப்பது அங்கேதான். மீள்குறியாக்கிய துண்டின் புரொபைல் (குறியாக்க வகை), பிரிதிறன், பிக்சல் வடிவம், நேர அலகு எல்லாம் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்தாலும், படத்தை விரிக்கத் தேவையான அமைப்பு விவரங்களான எஸ்பிஎஸ், பிபிஎஸ் தரவுகள் இரு துண்டிலும் வேறுபடலாம். எம்பி4 இல் அவை வழக்கமாகத் தலைப்பகுதியில் ஒரு முறைதான் இருக்கும். வேறுபட்டால், ஒட்டைத் தாண்டியதும் படம் உறையும் அல்லது கட்டங்கட்டமாகச் சிதறும். இரண்டு துண்டையும் எம்பெக்-டிஎஸ் வகைக் கோப்பாக்கி ஒட்டினால் அந்தத் தரவுகள் ஓடையோடே வரும்.

நகல் தொடங்கும் இடம் ஐடிஆர் சட்டகமாகவும் இருக்க வேண்டும்; அதற்குப் பின் வருபவை அதற்கு முந்திய எதையும் தேடா. திறந்த கொத்து என்றால், முன்னும் பின்னும் பார்க்கும் பி-சட்டகங்களுள் அதன் முதலில் உள்ளவை முந்திய கொத்தைத் தேடும். அந்தக் கொத்து வேறாகக் குறியாக்கப்பட்டிருப்பதால் சில படங்கள் கெடும்.

ஒலியைத் துண்டாக்க வேண்டாம். ஏஏசி ஒலிமுறையில் ஒரு சட்டகம் 1024 ஒலிமாதிரி, 48 கிலோஹேர்ட்சில் ஏறத்தாழ 21.3 மில்லிசெக்கன், படச் சட்டகமோ 40. எல்லைகள் பொருந்தாமல் ஒட்டில் ‘டிக்’ என்று கேட்கும். ஒலியை ஒரே தொடராக வெட்டிக் கடைசியில் சேர்ப்பதே நல்லது.

ஒரு திருத்தம்: பொத்தானில் ‘கரைக்குறியாக்கம்’ என்று மட்டும் போட்டால், அது வெட்டும் என்பது பயனருக்குத் தெரியாது. கலைச்சொற் பட்டியலில் ‘கரைக்குறியாக்கம்’, பொத்தானில் ‘கரையை மட்டும் குறியாக்கி வெட்டு’ என்று போடுவோமா?